பேவர் பிளாக் பாதையா, ஆட்டுத்தடமா?

வரப்பு மேட்டிலிருந்து...

கேள்வி: ''எங்கள் ஊரில் அய்யனார் கோயிலை ஒட்டி 22 ஏக்கர் காடு இருக்கிறது. பாதி கோயில் காடு. மீதி, கண்மாய்க்கு மேற்கே உள்ள புறம்போக்குக் கரடு. பாறை, சுனை, மயில், முயல் எல்லாம் உண்டு. இதைச் சமுதாய இயற்கைப் பூங்காவாக்கி, வெளியூர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து நடந்து பார்க்க வழி செய்யலாம் என்று ஊரில் பேச்சு. 400 மீட்டர் நீளம், 6 அடி அகலத்தில் பேவர் பிளாக் பாதை, நுழைவு வளைவு, சுற்றிலும் கம்பிவேலி என்று திட்டம் எழுதியாகிவிட்டது. பங்குனிக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டுமாம். ஆடு மேய்ப்பவர்கள் வேலி கூடாது என்கிறார்கள். விவசாயிகளில் சிலர், பூங்கா வந்தால் மயிலும் பன்றியும் பெருகும் என்கிறார்கள். பாதை போடலாமா, வேண்டாமா?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பாதை போடலாம். பேவர் பிளாக் வேண்டாம். சுற்றுவேலி வேண்டவே வேண்டாம்.

பதில் இவ்வளவுதான். ஆனால், ஒப்பந்தக்காரரும் திட்டமும் தயாராக இருக்கும் ஊரில் இதைச் சொன்னால், ''காரணம் என்ன?'' என்று கேட்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சென்ற இதழிலேயே எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன்பு அரிட்டாபட்டிக்கு ஒருமுறை போய் நடந்துவிட்டு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் வாய்த்தது.

மதுரை மாவட்டம், மேலூர் பக்கத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வந்துவிடும் தூரம்தான். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் அரசு அறிவித்த இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு கிராமங்களிலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள். அந்தக் குன்றுகளையும் சுற்றியுள்ள நீர்நிலைகளையும் பற்றி அரசு சொன்ன கணக்கு இது: 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள். இந்த எண்களைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கே கொஞ்சம் மிகையாகத்தான் தோன்றியது. போய் நடந்த பிறகு தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்கு ஊருக்குள் இறங்கி, டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் குன்றைப் பார்த்து நடந்தேன். 55 வயது, முழங்கால் இப்போதெல்லாம் இறக்கத்தில் பேசுகிறது. மழை நின்று சில நாள்தான் ஆகியிருந்தது. மொட்டைப் பாறையின் மேல் நீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடுகள். பாறையில் மழை பெய்தால் நிலம் குடிக்காது, வழிந்து ஓடிவிடும் என்று நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். இங்கே வழிந்தது பாறைக் குழிகளில் தேங்கிச் சுனையாகிறது. சுனை நிறைந்தால் அடுத்த குழி. அதற்கும் கீழே பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் மெல்லிய ஓடை. ஓடைகள் ஒன்றுகூடி வரத்துக்கால். வரத்துக்கால் போய்ச் சேரும் இடம் கண்மாய். ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்கிறார்கள். மேலூர்ப் பகுதி பெரியாறு பாசனத்தின் ஒருபோக நிலம் என்பது உங்களுக்குத் தெரியும். கால்வாய்த் தண்ணீர் எட்டாத வயலுக்கு இந்தக் குன்றின் வழிநீர்தான் கதி. குன்று என்றால் அங்கே நீர்ப்பிடிப்பு என்று பொருள்.

நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அகலமாக, மணல் விரித்த மாதிரி நேராக மேலே ஏறியது. மற்றது சூரைமுள் புதருக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் போகும் அகலத்தில் பக்கவாட்டில் வளைந்து போனது. இயல்பாக நான் அகலமானதில் காலை வைத்தேன். வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

''சார், அது தண்ணி போற தடம். ஆளு போற தடம் மேல இருக்கு.''

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் நின்றது ஓடையின் நடுவில். 30 வருடமாக மண்வளம், மழைநீர் என்று விவசாயிகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். வெயில் காலத்தில் ஓடை என்பது நல்ல பாதை மாதிரித்தான் தெரியும். வெளியூர்க்காரன் எவனும் அதில்தான் நடப்பான். பத்து பேர் நடந்தால் கரை சரியும். நூறு பேர் நடந்தால் ஓடை இரண்டு மடங்கு அகலமாகும். ஆயிரம் பேர் நடந்த பிறகு ஒரு பஞ்சாயத்து அதற்குச் சிமென்ட் பூசும். அதோடு ஓடை முடிந்தது.

ஆட்டுக்காரர் காட்டிய தடத்தில் ஏறினேன். அது நேராக ஏறவே இல்லை. குன்றின் இடுப்பைச் சுற்றிச் சாய்வாகப் போய், ஒரு பாறை வந்ததும் திரும்பி, மறுபடி சாய்வாகப் போனது. ஓடையைக் கடக்கும் இடத்தில் மட்டும் நாலு தட்டைக் கற்கள். ஆடும் ஆளும் நடந்து நடந்து உண்டான தடம். எனக்கு மூச்சு வாங்கவில்லை. முழங்காலும் பேசவில்லை.

மேலே குடைவரைச் சிவன் கோயிலைப் பார்த்தேன். ஊரார் இடைச்சி மண்டபம் என்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். தமிழ்நாட்டில் லகுலீசரை அதிகம் பார்க்க முடியாது. சமணப் படுக்கைகளும், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான தமிழிக் கல்வெட்டும் இதே கிராமத்துக் கழிஞ்சமலையில்தான். நம் பத்திரிகைக்கு வேண்டிய செய்தி வானத்தில் இருந்தது. சுமார் 250 வகைப் பறவைகள் இந்தப் பகுதியில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் பாறை முகடுகளை நம்பி வாழ்பவை. ஷாஹீன் கிளியையும் புறாவையும் பறக்கும்போதே அடித்துத் தூக்கும். மக்காச்சோளமும் சூரியகாந்தியும் போட்டவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள். தை முதல் பங்குனி வரை அவற்றின் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது முகட்டின் அடியில் கும்பலாகப் போய்க் கூச்சல் போட்டால் கூட்டைவிட்டு எழும்பிவிடும். முட்டை வெயிலில் கிடக்கும். உங்கள் கரட்டிலும் இப்படி ஒரு முகடு இருந்தால், பாதையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இந்தக் குன்றுகள் இன்றைக்கு நிற்பது அந்த ஊர்க்காரர்களால்தான். கிரானைட் குவாரி வேண்டாம் என்று நின்றார்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி தொகுதி என்று 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. அரிட்டாபட்டித் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கியிருந்தது. வட்டாரத்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, விவசாயிகள் மதுரைக்கு நடந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊர் தன்னுடையது என்று நினைக்கிற காட்டைத்தான் ஊர் காப்பாற்றும். வேலி போட்டு, பூட்டுப் போட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கும் காடு கொஞ்ச நாளில் 'அவங்க பார்க்' ஆகிவிடும்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

2012-இல் வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். உங்கள் ஊர் மாதிரியே கண்மாய்க்கு மேலே ஒரு சின்னக் காடு. அங்கே நடைபாதை போட ஒரு திட்டத்தில் பணம் வந்தது. குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். 'எப்படிப் போடலாம்?' என்று கேட்டபோது, நுழைவிலிருந்து மேட்டுக்கு நேர்கோட்டில் சிமென்ட் பாதை என்று படம் போட்டுக் காட்டியதற்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. வயதானவர்கள் நடக்க வசதி என்று நினைத்தேன். மனசார நல்லது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் பாதை வாய்க்காலாகிவிட்டது. மேட்டிலிருந்து பல ஓடைகளில் பிரிந்து கண்மாய்க்குப் போன தண்ணீரைக் குறுக்கே மறித்து, ஒரே கோட்டில் வேகமாகக் கீழே கொண்டுவந்தது அந்தச் சிமென்ட். பாதை முடிகிற இடத்தில் ஒரு அம்மாவின் ஒன்றரை ஏக்கர் நாற்று நட்ட வயல். விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது வயலில் முழங்கால் அளவு மணலும் சரளையும். கண்மாய்க்கோ பாதி வரத்துகூட வரவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து, ''ஆபீசர் தம்பி, தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்துட்டீங்களேப்பா'' என்றார்.

பாதையை ஐந்து இடத்தில் உடைத்து, ஓடைகளைத் திரும்பவும் கண்மாய்க்குத் திருப்பிவிட்டோம். அந்த அம்மா மணலை அள்ளி முடிக்க இரண்டு போகம் ஆனது. பயிர் இழப்பீட்டுக்கு நான் எழுதிய மனு எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு பாதை என்று யார் பேசினாலும் எனக்கு அந்த வயல்தான் முன்னால் வரும்.

உங்கள் திட்டத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். 400 மீட்டர் நீளம், 6 அடி அகலம் என்றால் பாதையின் பரப்பு 730 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை ஒரு ராத்திரியில் நம் பக்கம் சாதாரணம். அப்படியானால் பாதையின் மேலே மட்டும் சுமார் 36,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரி. பேவர் பிளாக்குக்கு இடையில் நீர் இறங்கும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அடியில் எம்-சாண்டும் ஜல்லியும் போட்டு ரோலர் ஓட்டி இறுக்கிய பிறகு, வேகமாகப் பெய்யும் மழையில் எவ்வளவு இறங்கும்? மேட்டிலிருந்து வந்து இந்தப் பாதையில் சேரும் தண்ணீர் இதற்குத் தனி.

சரி, எப்படிப் போடுவது? நீங்கள் கரட்டு நிலத்தில் சமமட்ட வரப்பு போட்டிருந்தால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். 7 அடி மூங்கில் இரண்டு, குறுக்குச் சட்டம் ஒன்று, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு கல். 'ஏ' எழுத்து மாதிரிக் கட்டிய அந்தச் சட்டம்தான் கருவி. இரண்டு கால்களுக்கும் நடுவே 2 மீட்டர் இருக்கட்டும். ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே இரண்டு புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு. கயிறு அதில் நின்றால் மட்டம்.

பாதை முழுக்க மட்டமாக இருந்தால் மேலே ஏறவே முடியாது. அதனால், ஒரு காலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் கட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். இப்போது கயிறு நடுக்கோட்டில் நின்றால், நூற்றுக்கு ஐந்து என்ற சரிவு. அதாவது நூறு அடி நடந்தால் ஐந்து அடி ஏற்றம். கட்டை கட்டிய காலைப் பள்ளத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, அடி அடியாக முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் பாதை தானாக வளைந்து மேலே போய்ச் சேரும். உங்கள் செம்மண் சரளைக்கு இந்தச் சரிவு போதும். தவிர்க்க முடியாத இடத்தில் நூற்றுக்கு எட்டு வரை போகலாம். பத்துக்கு மேல் போகவே கூடாது. இன்னொரு கணக்கும் உண்டு. பாதையின் சரிவு, அந்தக் கரட்டின் சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையிலேயே ஓடத் தொடங்கும். அரிட்டாபட்டி ஆட்டுத்தடத்தில் கால் வலிக்காமல் ஏறினேன் என்றேனே, ஆடுகள் இந்தக் கணக்கை யாரிடமும் கேட்கவில்லை.

அகலம் 3 அடி. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கட்டும்; காட்டில் அதுதான் வழக்கம். பாதையின் உள்பக்கத்தைவிடப் பள்ளத்துப் பக்க ஓரம் 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் பாதையில் நீளவாக்கில் ஓடாமல் அகலவாக்கில் மெலிதாகப் பரவிக் கீழே போகும். பள்ளத்துப் பக்கம் அழகுக்கு என்று கல் வரிசையோ கரையோ கட்டாதீர்கள். கட்டினால் அது வாய்க்கால். 50, 60 அடிக்கு ஒருமுறை பாதையைக் கொஞ்சம் தாழ்த்தி மறுபடி உயர்த்துங்கள். வேகம் பிடிக்கும் முன்பே தண்ணீர் அந்தத் தாழ்வில் வெளியே போய்விடும். ஓடை குறுக்கிட்டால் குழாய் பதிக்க வேண்டாம். முதல் மழையிலேயே இலையும் குச்சியும் அடைத்துக்கொள்ளும். தட்டைக் கல் நாலு போதும். மழை நாளில் அந்த இடத்தைக் கடக்க முடியாதே என்றால், மழை நாளில் கடக்க வேண்டாம்.

மண் பாதை என்பதால் வருடம் ஒருமுறை, புரட்டாசியில், மண்வெட்டியோடு நாலு பேர் ஒருநாள் போய் ஓரத்தையும் தாழ்வுகளையும் சரிசெய்ய வேண்டும். செலவு அவ்வளவுதான். முட்டி வலியுள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் கோயில் வாசலை ஒட்டிச் சமதரையில் ஒரு 50 மீட்டர் கெட்டிப் பாதை போடுங்கள். அதை மறுக்க மாட்டேன். கரட்டில் ஏற்றாதீர்கள்.

ஆடு மேய்ப்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலி போட்டால் காடு வளரும் என்பது பாதிதான் உண்மை. வெள்ளாடு கன்றுகளைக் கடித்துவிடும். அதை மறைக்க முடியாது. ஆனால், 22 ஏக்கரையும் அடைத்தால் அந்த ஆடுகள் எங்கே போகும்? உங்கள் கடலைக் கொல்லைக்குத்தான். நான் பார்த்த ஊர்களில் எடுபட்டது வேறு. காட்டை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் இரண்டு மழைக்காலம் மேய்ச்சலுக்கு மூடுவது. பிறகு அடுத்த பங்கு. எந்தப் பங்கு முதலில் என்று முடிவு செய்ய ஆடு வைத்திருப்பவர்களையே உட்கார வையுங்கள். வேலிக்குப் பதில் கிளுவைப் போத்து நட்டால் போதும். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேல் நெற்று தின்ற ஆடு, புழுக்கையில் அந்த விதையைக் காடு முழுக்கப் போட்டுவிடும். நெற்று உதிரும் காலத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த ஆட்டை நேராக இங்கே ஓட்டிவர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

மரம் நடுகிறோம் என்று பூங்காவுக்குள் குல்மொகரும் அலங்காரப் பனையும் கொண்டுவராதீர்கள். உசில், ஆத்தி, வெப்பாலை, வீரை, காரை, இலுப்பை என்று அங்கே ஏற்கெனவே இருப்பவற்றின் கன்றுகள் புதருக்கடியில் தானாக முளைத்துக் கிடக்கும். அவற்றைச் சுற்றிச் சீமைக்கருவேலையும் உன்னிச்செடியையும் எடுத்துவிட்டாலே போதும். எடுப்பதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். மழைக்கு முன் மொத்தமாகப் பிடுங்கினால் மண் கண்மாய்க்குப் போய்விடும்.

மயில், பன்றி பற்றிய பயம் நியாயமானது. அதைப் 'பல்லுயிர்' என்று சொல்லி வாயடைக்கும் ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிலக்கடலை விதைத்த மூன்றாம் நாள் மயில் கிளறிய கொல்லையைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். மயில் சட்டப்படி முழுப் பாதுகாப்பில் உள்ள பறவை. விஷம் வைத்தால் சிறை. ஆனால், பூங்கா என்று பெயர் வைப்பதால் மயில் பெருகாது. வருகிறவர்கள் போடும் பொரியாலும் மிச்சச் சோற்றாலும்தான் பெருகும். பன்றிக்கும் அதுதான் விருந்து. எனவே, உள்ளே உணவுப் பொட்டலம் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். தின்பண்டக் கடை வைத்தால் காட்டுக்குள் வேண்டாம், ஊருக்குள் வையுங்கள். நாலு வீட்டுக்கு வருமானமும் ஆகும். பன்றி பதுங்குவது பெரும்பாலும் கண்மாய்க்குள் அடர்ந்த சீமைக்கருவேலில். அதைக் கரையோரமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் வயலுக்கு வருவதும் குறையும். அடியோடு நின்றுவிடும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

சட்ட விஷயம் கொஞ்சம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். கோயில் காடு யார் பெயரில் இருக்கிறது, அறநிலையத் துறைப் பதிவில் இருக்கிறதா, புறம்போக்கு எந்த வகை என்று தெரியாமல் ஒரு கல்கூட நடாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அங்கே கட்டுமானம் கூடாது. நுழைவு வளைவும் அதில் சேர்த்தி. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் காகிதத்தில் மட்டும் இருக்கலாம், அதை எழுப்புங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளோடும் வைத்தியம் தெரிந்த பாட்டிகளோடும் தொடங்குங்கள். பின்னால் அரிட்டாபட்டி மாதிரி பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்பதாக இருந்தால் அதுதான் கையிருப்பு. அப்படி அறிவித்தால் மேய்ச்சலும் விறகும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஊர் மக்கள் தாங்களாக முடிவு செய்துகொண்ட கட்டுப்பாடு தவிர, வழக்கத்தில் உள்ள பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரியைக் காட்டுங்கள்.

நடக்க வருகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. காலுறையோடு மூடிய செருப்பு போடட்டும். பாறை இடுக்கில் கை விட வேண்டாம். சுருட்டை விரியன் குடியிருக்கும் இடம் அது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், 108 கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. மலைத்தேனீ கூடு தெரிந்தால் புகையும் சத்தமும் கூடாது, சென்ட் அடித்தவர்கள் தூரம் நிற்கட்டும். புதர்க்காட்டில் நடந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கும் வந்தால், 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்று மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆடு மேய்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

கடைசியாகப் பணம். பங்குனிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற பேச்சில்தான் பல ஊர்களில் பல கண்மாய்கள் கெட்டன. நிதி விதிகள் இடம் கொடுத்தால் அதே தொகையில் மண் பாதையும், ஓடைக் கற்களும், வரத்துக்கால் தூர்வாரலும், சீமைக்கருவேல் அகற்றலும் முடிந்துவிடும். கூலியும் உள்ளூர்க்காரர்களுக்கே போகும். இடம் கொடுக்காவிட்டால், மாற்றித் தரும்படி கிராம சபைத் தீர்மானத்தோடு எழுதிக் கேளுங்கள். ஜனவரி 26 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால், பணம் திரும்பிப் போகட்டும். அந்த ஒன்றரை ஏக்கரைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குடியரசு தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் ஊருக்கு வருகிறேன். ஆசிரியரிடம் உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மூங்கில் இரண்டும் கயிறும் நீங்கள் எடுத்துவையுங்கள். முளைக்குச்சி நூறாவது வேண்டும். ஆடு மேய்ப்பவர்களில் மூத்தவர் ஒருவரை முன்னால் நடக்கச் சொல்லுங்கள். கண்மாய்க்கு நீர் பாய்ச்சும் பெரியவரும் வரட்டும். ஒப்பந்தக்காரரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.